புதுச் சட்டைக்கு முதல் தண்ணீர்

அத்தியாயம் 14

அணி மேல் பிரிவுக்கு ஏறிய மகிழ்ச்சி அந்த வீட்டில் சரியாகப் பன்னிரண்டு நாள் இருந்தது.

கடைசிப் பெனால்டியை மகள் இடது பக்கம் பாய்ந்து தட்டிவிட்டதையும், அம்மாவின் தம்பி அப்பாவின் லாண்டரிக்குள் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தம்பிதான் பெண்கள் கால்பந்து அணியின் செயலாளர். "அத்தான், சட்டை நெஞ்சுல உங்க கடைப்பேரு இல்லாம நம்ம டீம் இறங்காது" என்று அன்றைக்கு அவர் சொன்னார். சொன்னபோது மனதாரத்தான் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து ஒரு படிவத்தோடு வந்து மகளைத் தனியாக அழைத்துப் போனதும் அவர்தான்.

மேல் பிரிவில் ஆட வேண்டுமென்றால் வெளியூர்ப் பயணம் உண்டு, மருத்துவர் வேண்டும், எல்லோருக்கும் காப்பீடு வேண்டும். இதுவரை அணியைத் தாங்கிவந்த ஒரு மூலைக்கடை லாண்டரி அதையெல்லாம் எப்படித் தாங்கும்? ஒரு சோப்புத்தூள் கம்பெனி நான் தாங்குகிறேன் என்று முன்வந்தது. பதிலுக்குச் சட்டையின் நெஞ்சுப் பக்கம் முழுவதும் தனக்கே வேண்டும் என்றது. அணித்தலைவியின் சம்மதக் கையெழுத்தையும் கேட்டது.

அணித்தலைவி, கோல்கீப்பர், தோழிகள் வாயில் ‘சுவர்’, எல்லாம் மகள்தான்.

"அப்பாகிட்ட?" என்று அவள் கேட்டாள்.

"நான் சொல்லிக்கிறேன். பக்குவமா சொல்லணும். அதுவரைக்கும் நீ வாயத் திறக்காதே."

படித்துப் பார்த்தே கையெழுத்துப் போட்டாள். மாமா பக்குவம் பார்த்தார், பார்த்தார், பத்து நாள் பார்த்தார்.

*

வெள்ளிக்கிழமை காலை. மறுநாள் மேல் பிரிவின் முதல் ஆட்டம்.

மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவரைக் கோட்டுக்காரர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அவர் சைக்கிளின் பின்னால் பெரிய பை ஒன்றைக் கட்டிக்கொண்டு லாண்டரி வாசலில் இறங்கினார். "சட்டையெல்லாம் இன்னிக்கே துவைக்கப் போயாகணும்" என்று செயலாளர் சொல்லியிருந்தார். எங்கே என்று சொல்லவில்லை. மதியம் கம்பெனி வண்டி வந்து எடுத்துப் போகும் என்பதை அவர் சொல்ல மறந்தார். கேட்கவேண்டும் என்று கோட்டுக்காரருக்கும் தோன்றவில்லை. பதினேழு வருடப் பழக்கம். சட்டை துவைப்பது என்றால் மூலை லாண்டரி. மூலை லாண்டரி என்றால் சட்டையின் நெஞ்சில் இருக்கும் எழுத்து. இதில் கேட்க என்ன இருக்கிறது?

"வாய்யா கோடு," என்றார் அப்பா. "புதுச் சட்டையா? வாசனையே சொல்லுதே."

மைதானத்தில் அப்பாவுக்குப் பெயர் வெள்ளைக்காரர். சேற்றில் புரண்டு வந்த சட்டையைப் பால் போலத் திருப்பித் தருவதால் வந்த பெயர். கண்ணாடி முன்னால் நிற்கும்போது அவரே அதை நினைத்துச் சிரித்துக்கொள்வார்.

சட்டைகளை டிரம்மில் போடுமுன் உட்புறம் வெளியே வரும்படி திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் அச்செழுத்து வெடித்துவிடும். அப்பா பேசிக்கொண்டே, பார்க்காமலே திருப்புவார். தன் கடைப் பெயரின் மேடுபள்ளம் அவர் விரலுக்கு மனப்பாடம்.

இன்றைக்கு விரல் நின்றது.

"யோவ், மாத்திக் கொண்டாந்துட்டியே. இது யாரு டீமு?"

"நம்ம டீமுதாங்க."

அப்பா சட்டையை விரித்துப் பிடித்தார். நெஞ்சில் மூன்று நீலக் குமிழிகள். கீழே சோப்புத்தூளின் பெயர், கொட்டை எழுத்தில். பின்பக்கம் திருப்பினார். ஒன்றாம் எண். அதன் கீழே ‘சுவர்’.

கல்லாப் பக்கம் துணிச்சீட்டு எழுதிக்கொண்டிருந்த மகளின் பேனா நடு எழுத்தில் நின்றது.

"என்னங்க?" என்று அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தாள். பார்த்தாள். தன் தம்பி செய்த காரியம் என்ன என்பது அவளுக்குப் புரிய ஒரு நொடி போதுமாக இருந்தது. முந்தானை வாய்க்குப் போயிற்று.

அப்பா முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பை மகள் அதற்கு முன் கேட்டதில்லை.

"என்னா மூளை பாத்தியா! என் பேரை எடுத்துட்டாங்க. சரி. எடுத்துட்டுப் போட்ட சட்டையை எங்கிட்டயே துவைக்கக் குடுத்து அனுப்பியிருக்காங்க. உமிஞ்ச எச்சியை நானே தொடைக்கணுமாம்!"

"ஐயோ, எனக்குத் தெரியாதுங்க," கோட்டுக்காரர் நடுங்கிவிட்டார். "நான் சட்டையைப் பிரிச்சே பாக்கலீங்க. சத்தியமா."

"எடுத்துட்டுப் போ! தூக்குய்யா பையை!"

அவமானத்தைச் சுமந்து வருகிறவர் மேல்தான் முதல் அடி விழுகிறது. அனுப்பியவர் எப்போதும் தூரத்தில் இருக்கிறார். அம்மா அந்தக் கோபத்துக்கும் கோட்டுக்காரருக்கும் நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நீங்க உக்காருங்கண்ணே. தண்ணி குடிங்க. உங்க மேல ஒண்ணும் இல்ல."

கோட்டுக்காரர் உட்காரவில்லை. பையைத் தூக்கித் தோளில் போட்டு வாசல் வரை போனார். அப்பா பின்னாலேயே போய் அதை வெடுக்கென்று பிடுங்கினார்.

"எங்க கொண்டு போறே? இதே விறைப்போட நாளைக்குப் போட்டுக்கிட்டு ஓடினா பிள்ளைங்களுக்கு அக்குள் அறுத்துடும். ஏழாம் நம்பர் பொண்ணுக்குத் தூள் பட்டாலே தடிப்புத் தடிப்பா வரும். அவ சட்டையை நாலு தண்ணி அலசணும்னு இந்தக் குமிழிக்காரனுக்குத் தெரியுமா?" பையைத் தரையில் கொட்டினார். "உப்பு எடு!"

கடைசி வார்த்தை அம்மாவுக்கு. புதுச் சட்டைக்கு முதல் தண்ணீரில் உப்புப் போட்டால்தான் சாயம் நிற்கும். அன்றைக்கு அப்பா பதினெட்டுச் சட்டைகளையும் இயந்திரத்தில் போடவில்லை. தொட்டியில் முக்கி, கையாலேயே கும்மினார். துவைத்தாரா, அடித்தாரா என்று பார்ப்பவர் சொல்ல முடியாது.

*

கம்பெனி வண்டி மைதானத்துக்கு வந்து சட்டை கிடைக்காமல் நின்ற பிறகுதான் மாமாவுக்கு விஷயம் தெரிந்தது. மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"அத்தான்..."

"வாங்க செயலாளர் சார். உக்காருங்க. துணி போட வந்தீங்களா, எடுக்க வந்தீங்களா?"

"அத்தான், அப்படிப் பேசாதீங்க."

"எப்ப முடிவாச்சு?"

மாமா தரையைப் பார்த்தார். "பத்து நாள்."

"பத்து நாள்ல எட்டு நாள் இங்க வந்து டீ குடிச்சிருக்கே. ஒரு தடவைகூடத் தொண்டையில சிக்கலையாடா?"

"சொல்லணும்னுதான் வருவேன். உங்க முகத்தைப் பாத்ததும்..."

"என் முகத்துல என்ன, புலியா உக்காந்திருக்கு?" அப்பாவின் ஈரக்கை மேசையில் இறங்கியது. துணிச்சீட்டுகள் பறந்தன. "நான் என்னடா கேட்டேன்? கம்பெனி வரக்கூடாதுன்னா சொன்னேன்? மேல ஏறிட்டோம், உங்களால இழுக்க முடியாது அத்தான், வேற ஆளு வந்திருக்குன்னு ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை! சொல்லியிருந்தா பழைய சட்டையில இருக்கிற எழுத்தை நானே உரிச்சுக் குடுத்திருப்பேனே. இப்ப ஊரே பாக்க என் முதுகுக்குப் பின்னால உரிச்சிருக்கே!"

மகளுக்கு அந்த ஒவ்வொரு சொல்லும் கன்னத்தில் விழுந்தது. சொல்லாமல் இருந்தவர் இரண்டு பேர். அடி வாங்குகிறவர் ஒருவர்.

"போன வருஷம் புயல்ல இந்தக் கூரை பறந்துச்சே," என்றார் அப்பா. "முதல்ல எதைத் தூக்கிட்டு ஓடினேன்? உங்க அக்கா சேலையையா? டீம் பையை! உங்க அக்கா இன்னிக்கு வரைக்கும் அதைச் சொல்லிக்காட்டுறா."

"சொல்லிக்காட்டத்தான் செய்வேன்," என்றாள் அம்மா. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. தம்பி பக்கம் திரும்பினாள். "உனக்கு அக்கான்னு ஒருத்தி இருக்கிறது ஞாபகம் இருந்துச்சாடா? எங்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே. நான் பக்குவமா சொல்லியிருப்பேனே!"

"தப்புத்தான்கா."

"வேற யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார் அப்பா.

மகள் எழுந்தாள். "அப்பா..." என்று வாயெடுத்தாள்.

"யாருக்கும் தெரியாது." மாமா அவளைப் பார்க்காமலே அவள் குரலின் மேல் தன் குரலை ஏற்றினார். "நான் ஒருத்தன் எடுத்த முடிவு. என்னைத் திட்டுங்க. வேற யாரையும் இழுக்காதீங்க."

அவர் கோழைதான். ஆனால் அந்த நேரத்தில், தனக்கு வரவேண்டியதற்கு மேல் ஒரு பங்கை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். கோழைகளுக்குள்ளும் கடவுள் இப்படி ஒரு சிறு விளக்கை வைத்திருக்கிறார்.

"அப்போ சரி," என்றார் அப்பா. இப்போது குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இனிமே இந்தக் கடைப்படி ஏறாதே. வீட்டுப்படியும்தான். உங்க அக்கா உன்னைப் பாக்கணும்னா அவ வரட்டும். நான் தடுக்கல. ஆனா எனக்கு மச்சான்னு ஒருத்தன் இருந்தான், இப்ப இல்ல."

அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியிருப்பது அந்தத் தம்பி ஒருவர்தான். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பி படியிறங்கிப் போவதைப் பார்த்தாள். கூப்பிடவில்லை.

மகள் தொட்டியருகே போய் அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். இப்போது சொல்லிவிட வேண்டும்.

"அப்பா, அந்தப் படிவத்துல..."

"நீ ஒண்ணும் பேசாதே கண்ணு." அப்பா பிழிந்த சட்டையை உதறினார். "உன் மாமன் செஞ்சதுக்கு நீ ஆட்டத்தை விட்டுடாதே. போடு, இதையே போட்டுக்கிட்டு ஆடு. இதுல உன் தப்பு என்ன இருக்கு?"

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். ஒரு அறை கொடுத்திருந்தால்கூட அவளால் அங்கேயே உட்கார்ந்திருக்க முடியும்.

*

மாலை ஐந்து மணிக்கு மைதானத்தில் இரண்டு அணிகளும் பயிற்சிக்கு வந்திருந்தன. இந்தப் பாதியில் நம் அணி. அந்தப் பாதியில் நாளைய எதிரணி. பாலத்துக்கு அப்பால் இருக்கும் ஷூ தொழிற்சாலைப் பெண்கள் அவர்கள். வேலை முடிந்து அப்படியே வந்தவர்கள். சட்டைகள் ஆளுக்கொரு சிவப்பு. துவைத்துத் துவைத்து ஒன்று ரோஜா நிறத்துக்கே போயிருந்தது. எல்லோர் நெஞ்சும் வெறுமை.

அப்பா இஸ்திரி போட்டு மடித்த பதினெட்டுச் சட்டைகளை ஆறு மணிக்குள் சேர்க்கிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். சொன்னபடி அம்மாவோடு வந்தார். வந்த நேரம் சரியில்லை.

கம்பெனி ஆள் மகளை மாதிரிக்கென்று வைத்திருந்த சட்டை ஒன்றை அணியவைத்து, கையில் சோப்புத்தூள் பொட்டலத்தைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "சிரிங்க மேடம். இன்னும் கொஞ்சம். கோல் விட்ட மாதிரி ஏன் நிக்கிறீங்க?"

அப்பா மூட்டையைக் கீழே வைத்தார்.

"ஓ, நீங்கதான் பழைய லாண்டரியா!" கம்பெனி ஆள் கை நீட்டினார். கெட்ட மனிதரில்லை, தன் வேலையைத் தவிர எதையும் பார்க்காத மனிதர். "ரொம்ப நாள் பண்ணியிருக்கீங்க சார். பெரிய மனசு. இனிமே நீங்களும் நம்ம தூளே வாங்கிப் போடுங்க. மொத்தமா எடுத்தா சலுகை உண்டு."

அப்பாவின் முகம் இருண்டது. படம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்ற மாமாவிடம் நேராகப் போனார். சட்டைக் காலரைப் பிடித்தார்.

"இவன் வாயால இதைக் கேக்க வெச்சிட்டியேடா! பதினேழு வருஷத்துக்குச் சலுகையாம்! துரோகி!"

"என்னங்க, விடுங்க!" அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். முடியவில்லை. மாமா தடுக்கவே இல்லை. கையைத் தொங்கப்போட்டு நின்றார்.

"மாமாவை விடுங்கப்பா!"

மகள் பொட்டலத்தைத் தரையில் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அப்பாவின் பிடிமேல் தன் கையுறைக் கையை வைத்தாள்.

"கையெழுத்துப் போட்டது நான். தலைவி கையெழுத்து இல்லாம இது நடந்திருக்காது. படிச்சுப் பாத்துத்தான் போட்டேன். எனக்கும் பத்து நாளாத் தெரியும். மாமா எனக்காகத்தான் பொய் சொன்னாரு."

அப்பாவின் விரல்கள் ஒவ்வொன்றாகக் காலரை விட்டன.

"நீயா?"

"நாந்தான்."

"காலையில நான் அப்படிக் கத்தினேனே. பக்கத்துலயே உக்காந்து சீட்டு எழுதிக்கிட்டு இருந்தியே."

"பயந்துட்டேன்."

"பந்து அடிக்கிறவளைப் பாத்துப் பயப்படாதவ, அப்பனைப் பாத்துப் பயந்தியா?" கண் சிவந்திருந்தது. "அவனைக்கூட விட்ரு. அவன் கட்டிக்கிட்டு வந்த உறவு. நீ என் ரத்தம். கையெழுத்துப் போடாதேன்னு சொல்லியிருப்பேன்னு நினைச்சியா? அவ்வளவுதானா நீ என்னைப் பத்தி வெச்சிருக்கிறது?"

அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள். அது தப்பு என்று காலையிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் எட்டு மணி நேரம் மறைத்தாள்.

அடிப்பார் என்று எல்லோரும் பார்த்திருக்க, அப்பா திரும்பினார். விறுவிறுவென்று நடந்தார். நடுக்கோட்டைத் தாண்டினார். எதிரணிப் பெண்கள் ஓடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஓரமாக அவர்கள் ஆட்டத்துக்குப் போடும் சட்டைகள், அதே சாயம் போன சிவப்பில், ஒரு சாக்கில் கிடந்தன. அவர்களின் பயிற்சியாளர், தடித்த கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"என்னங்க, என்ன வேணும்?"

"நாளைக்குப் போடுற சட்டை இதானே? ஏன்மா இப்படிச் சேறு காஞ்சு கிடக்கு? யாரு துவைக்கிறது?"

"அவங்கவங்கதான். ரெண்டு ஷிப்ட்டு பாக்கிறதுங்க. எங்க நேரம்?"

"நான் துவைச்சுக் காலையில எட்டு மணிக்குக் கொண்டாந்து குடுக்கிறேன். சாயம் போனதைச் சாயத்துல முக்கியும் தர்றேன்."

"எங்களால பெருசா ஒண்ணும் குடுக்க முடியாதுங்களே."

அப்பா தன் நெஞ்சில் உள்ளங்கையைக் குறுக்கே வைத்துக் காட்டினார்.

"இவ்வளவு இடம் குடுங்க. என் கடைப்பேர் அச்சு வீட்டுல இருக்கு. அது போதும்."

அந்த அம்மாள் தன் பெண்களைப் பார்த்தார். ரோஜா நிறச் சட்டைக்காரி முதலில் தலையாட்டினாள். பிறகு எல்லோரும்.

"அத்தான்!" மாமா இங்கிருந்து அலறினார். "நாளைக்கு அவங்க நமக்கு எதிரிங்க!"

"அவங்க எங்கிட்ட எதையும் மறைக்கலையே!" அப்பா திரும்பிப் பார்க்காமலே கத்தினார்.

கோபத்தில் செய்கிற உதவியும் உதவிதானா? அந்தக் கணக்கைக் கடவுள் பார்த்துக்கொள்வார். ரெண்டு ஷிப்ட்டுப் பெண்களுக்கு நாளைக்கு ஒருநாள் துவைத்துத் தேய்த்த சட்டை கிடைக்கும்.

சாக்கு கனமாக இருந்தது. அப்பா தூக்கித் தோளில் ஏற்றப் பார்த்தார், முடியவில்லை. அம்மா தன் தம்பியைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டிப் போய்ச் சாக்கின் மறுமுனையைப் பிடித்தாள்.

"நீயும் வர்றியா?" என்றார் அப்பா.

"சிவப்புத் துணியில வெள்ளை அச்சு அடிக்க உங்களுக்கு எங்க தெரியும்? போன தடவை தலைகீழா அடிச்சீங்க."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மைதானத்தின் குறுக்கே வந்தார்கள். வெளியே போகும் வழி கோல் கம்பத்தை ஒட்டித்தான். மகள் அங்கே நின்றிருந்தாள். நெஞ்சில் மூன்று குமிழிகள்.

அப்பா நின்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையுறைகளைப் பார்த்துப் பேசினார்.

"நாளைக்குப் பதினோரு பேரு என் பேரை மாட்டிக்கிட்டு உன்னை நோக்கி ஓடி வருவாங்க."

"தெரியும்பா."

"அந்தப் பேரைப் பாத்து, பாவம் பாத்து, ஒரே ஒரு பந்தை உள்ள விட்டே..." குரல் உடைந்தது. அதையும் கோபமாகவே மாற்றிக்கொண்டார். "அப்புறம் நீ எனக்கு மகளே இல்ல!"

சாக்கு மறுபடி நகர்ந்தது.